ஜெலுத்தோங் சாலை வழியே: பினாங்கில் ஆலோசகர் ஆகும் பாதை

மலேசியாவில் ‘ஆலோசகர்’ என்ற பெயரை யாரும் தாமாகச் சூட்டிக்கொள்ள முடியாது. 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம், அதாவது 580ஆம் எண் சட்டம், அவ்வாண்டு நவம்பர் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. உரிய பட்டம் பெற்று, மலேசிய ஆலோசகர் வாரியத்தில் பெயரைப் பதிந்து, தொழில் நடத்தும் சான்றிதழும் வைத்திருப்பவருக்கே அந்தப் பெயரில் பணிபுரிய உரிமை உண்டு. பதிவில்லாமல் தொழில் நடத்துவது தண்டனைக்குரிய குற்றம். மனத்துயரோடு வருபவரின் எதிரே உட்காருபவர் யார் என்பதைச் சட்டத்தால் வரையறுத்த நாடுகள் ஆசியாவில் மிகச் சில; அவற்றில் மலேசியா முன்னோடி.

பட்டத்திலிருந்து பதிவு வரை ஒரு மாணவர் கடக்கும் பாதையின் முக்கியமான நிலைகளைப் பினாங்குத் தீவில் ஒரே சாலைப் பயணத்தில் பார்த்துவிடலாம். ஜார்ஜ்டவுனின் கொம்தார் கோபுரத்தடியில் புறப்பட்டு, ஜெலுத்தோங் வழியாகத் தெற்கே குளுகோருக்கும், அங்கிருந்து மிண்டன் குன்றின் மேலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கும் செல்லும் பயணம் அது. நெரிசல் இல்லாத வேளையில் பேருந்தில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

ஜெலுத்தோங்

ஜெலுத்தோங் என்பது ஒரு மரத்தின் பெயர். மழைக்காட்டில் ஓங்கி வளரும் அந்த மரத்தைக் கீறினால் வெண்பால் வடியும். ஒரு காலத்தில் சூயிங்கம் செய்ய அந்தப் பாலை ஏற்றுமதி செய்தார்கள். கட்டை மென்மையானது, பென்சிலுக்கும் செதுக்கு வேலைக்கும் உகந்தது. மரம் நின்ற இடத்தில் இன்று கடைவீடுகளும் பட்டறைகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிற்கின்றன. வடக்கே பினாங்கு ஆறு, கிழக்கே கடலோர விரைவுச் சாலை. கடலோரம் வந்து நின்றால் 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம் தெற்கே நீண்டு கிடப்பது தெரியும். 1978 முதல் 1999 வரை இத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வழக்கறிஞர் கர்ப்பால் சிங்கை ‘ஜெலுத்தோங் புலி’ என்றே நாடு அறிந்தது.

சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூவரும் நெருங்கி வாழும் உழைப்பாளர் பகுதி இது. ஒரே தேநீர்க் கடையில் மூன்று மொழிகள் கேட்கும். கடைக்காரர் ஒரு குவளையைத் தலைக்கு மேல் உயர்த்தி, மற்றதை இடுப்புக்குக் கீழே தாழ்த்தி, கொதிக்கும் தேநீரை நீளமாக இழுத்து ஊற்றுகிறார். நாலைந்து முறை மேலும் கீழும் போய் வந்ததும் நுரை பொங்கும். வாயில் வைக்கும் சூட்டுக்குத் தேநீர் இறங்கும். மலாயில் அதற்கு ‘தே தாரேக்’ என்று பெயர், இழுத்த தேநீர். அதே வேலையைத் தமிழில் ‘ஆற்றுதல்’ என்கிறோம். அந்தச் சொல்லுக்கு இந்தத் தொழிலோடு நேரடி உறவு உண்டு.

தொழிலுக்குத் தமிழில் என்ன பெயர்?

ஒரே பணியைத் தமிழ் வழங்கும் நாடுகள் வெவ்வேறு பெயரால் அழைக்கின்றன. மலேசியாவில் ஆலோசனை, ஆலோசகர் என்ற சொற்கள் நிலைத்துவிட்டன; பள்ளிகளில் ‘வழிகாட்டலும் ஆலோசனையும்’ என்று சேர்த்துச் சொல்வது வழக்கம். இலங்கையில் ‘உளவளத்துணை’. தமிழகத்தில் ‘மனநல ஆலோசனை’ என்பதுடன் ‘ஆற்றுப்படுத்துதல்’ என்ற சொல்லும் கல்வித் துறையில் புழங்குகிறது.

ஆலோசனை என்ற சொல் ஒரு சிக்கலை உடன் கொண்டுவருகிறது. ‘ஆலோசனை சொல்லுங்கள்’ என்று கேட்டு வருபவர், எதிரே இருப்பவர் ஒரு முடிவைச் சொல்லி அனுப்புவார் என்று எதிர்பார்க்கிறார். பயிற்சி பெறும் மாணவர் முதல் பருவத்திலேயே கற்றுக்கொள்வதோ, முடிவைத் தாம் சொல்லாமல் இருப்பதைத்தான். 580ஆம் எண் சட்டமும் ஆலோசனையை உளவியல் கோட்பாடுகளின் அடிப்படையில் அமைந்த ஓர் உதவி உறவாகவே வரையறுக்கிறது. நாடி வருபவர் தம் விருப்பத்தோடு தம்மிடம் மாற்றத்தைக் காண்பதே அதன் நோக்கம் என்கிறது.

ஆற்றுப்படுத்துதல் என்ற சொல் இந்த வரையறைக்கு நெருக்கமாக வருகிறது. ஆறு என்றால் வழி. சங்க காலத்தில், வள்ளல் ஒருவரிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞருக்கு வழியின் இயல்பை எடுத்துரைத்து அனுப்புவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் இவ்வகை. ஆற்றுப்படுத்துபவர் தாம் நடந்த வழியைத்தான் சொல்கிறார். நடக்க வேண்டியது எதிரே வந்தவரே. ‘ஆற்று’ என்பதற்குச் சூட்டைத் தணித்தல், துயரைத் தணித்தல் என்ற பொருளும் உண்டு. வழியும் தணிவும் ஒரே சொல்லில் கூடுவது தமிழுக்கு வாய்த்த வசதி.

மிண்டன் குன்றில் படிப்பு

ஜெலுத்தோங்கைத் தாண்டியதும் குளுகோர். அங்கே சுப்பிரமணிய பாரதி தமிழ்ப்பள்ளி இருக்கிறது; பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளில் ஒன்று. மலேசியத் தமிழ்க் கல்வி வரலாறு தொடங்குவதும் இத்தீவில்தான்: 1816 அக்டோபர் 21இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தமிழுக்கும் ஒரு வகுப்பு நடந்தது.

குளுகோரிலிருந்து சாலை மேலேறினால் மிண்டன் வளாகம். பிரிட்டிஷ் படைகளின் பாசறையாக இருந்த இடம் அது. 1759இல் ஜெர்மனியில் நடந்த மிண்டன் போரின் நினைவாகப் பெயர் வைத்தார்கள். 1969இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் 1971இல் இங்கே குடிபுகுந்தது. படை வீரர்கள் அணிவகுத்த மேட்டில் தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில் இன்று மாணவர்கள் நடக்கிறார்கள். 2008இல் நாட்டின் ‘அபெக்ஸ்’, அதாவது உச்சநிலைப் பல்கலைக்கழகமாகத் தேர்வு பெற்றதும் இதுவே. இங்குள்ள கல்வியியல் துறைதான் பினாங்கில் ஆலோசனைத் துறை ஆய்வுக்கு நெடுங்காலமாக இடம் கொடுத்துவருகிறது.

முதுகலை மாணவருக்கு நாட்டில் வேறு வாசல்களும் திறந்திருக்கின்றன. வடக்கே கெடா மாநிலத்தின் சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகம், தஞ்சோங் மாலிமில் ஆசிரியர் கல்விக்குப் பெயர்பெற்ற சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகம், பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகம் ஆகியவை ஆலோசனைத் துறையைக் கற்பிக்கின்றன. வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஏற்றது. விண்ணப்பிக்கும் முன் ஒன்றைச் சரிபார்த்தே ஆக வேண்டும்: படிப்பு ஆலோசகர் வாரியத்தின் அங்கீகாரம் பெற்றதா? உளவியலில் முதுகலைப் பட்டம் வேறு, ஆலோசனையில் முதுகலைப் பட்டம் வேறு. பெயர் ஒத்திருக்கிறது என்று நம்பிச் சேர்ந்துவிட்டுப் பதிவுக்குப் போகும்போது கதவு அடைபடுவது ஆண்டுகளை விழுங்கும் இழப்பு.

பாடத்திட்டத்தின் அடித்தளம் உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றே. 1981இல் அமெரிக்காவில் உருவான காக்ரெப் என்ற தர அமைப்பு எட்டு அடிப்படைப் பகுதிகளை வகுத்தது: தொழில் நெறி, சமூகமும் பண்பாடும், மனித வளர்ச்சி, வேலைவாய்ப்பு வழிகாட்டல், உதவி உறவு, குழு ஆலோசனை, மதிப்பீடு, ஆய்வு. மலேசியப் பாடத்திட்டங்களும் இப்பகுதிகளைத் தழுவியே நிற்கின்றன. வேலைவாய்ப்பு வழிகாட்டல் இதில் இடம்பெறுவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இந்தத் தொழில் மருத்துவமனையில் பிறக்கவில்லை; 1908இல் பாஸ்டனில் ஃபிராங்க் பார்சன்ஸ் இளைஞர்களுக்கு வேலை தேர்ந்தெடுக்க உதவத் திறந்த அலுவலகத்தில் பிறந்தது.

பிராக்டிகம் அறையில்

புத்தகப் படிப்புக்குப் பிறகு வருவது பிராக்டிகம், அதன்பின் இன்டர்ன்ஷிப். மாணவர் உண்மையான மனிதரின் எதிரே உட்காரும் கட்டம். காக்ரெப் தரத்தின்படி பிராக்டிகத்துக்கு 100 மணி நேரம். அதில் 40 மணி நேரமாவது நேரடிச் சந்திப்பு. இன்டர்ன்ஷிப்புக்கு 600 மணி நேரம்; அதில் 240 நேரடி. மலேசிய வாரியமும் தனக்கென மணிக்கணக்கு வகுத்திருக்கிறது. கணக்கு நிறையாமல் பட்டம் கைக்கு வராது.

அறை சிறியது. இரண்டு நாற்காலிகள் நேருக்கு நேராக இராமல் சற்றே சாய்வாகப் போடப்பட்டிருக்கும். நடுவில் சிறு மேசை. அதன்மேல் ஒரு கடிகாரம், வருபவர் கண்ணில் படாத பக்கமாகத் திருப்பி வைத்தது. ஒரு டிஷ்யூப் பெட்டி, வருபவரின் கை எட்டும் தூரத்தில். கண்ணீர் வந்ததும் ஆலோசகர் டிஷ்யூ எடுத்து நீட்டினால், ‘அழுதது போதும்’ என்று சொன்னதாகிவிடக்கூடும். அதனால் பெட்டியின் இடம்கூடப் பயிற்சியில் ஒரு பாடம். வருபவர் எழுத்து மூலம் இசைவு தந்தால் பேச்சு பதிவாகும். பிறகு மாணவர் அதைச் சொல்லுக்குச் சொல் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுக்க வேண்டும். இதை மாணவர்கள் ‘வெர்பேட்டிம்’ என்பார்கள். ஐம்பது நிமிடப் பேச்சை எழுத ஒரு பகல் போய்விடும். எந்த இடத்தில் அவசரப்பட்டோம், எந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் கேள்வி கேட்டோம் என்பதெல்லாம் தாளில் பளிச்சென்று தெரியும்.

தமிழ் பேசும் மாணவருக்கு இங்கே இரண்டு தனிச் சவால்கள் காத்திருக்கின்றன. முதலாவது மொழி. வகுப்பும் மேற்பார்வையும் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் நடக்கின்றன. வருபவரோ ‘நெஞ்சு அடைக்குது’, ‘தலை கனக்குது’, ‘மனசு பாரமா இருக்கு’, ‘சாப்பாடு எறங்கல’ என்று உடம்பின் மொழியில் துயரைச் சொல்கிறார். ‘மன அழுத்தம்’ என்ற சொல் அவர் வாயில் வராது. நெஞ்சு அடைப்பதை மலாயில் ஒற்றைச் சொல்லாக்கித் தாளில் எழுதும்போது பாதி கழன்று விழுந்துவிடுகிறது. அது உண்மையிலேயே இதய நோயாக இருக்குமா என்று மருத்துவரிடம் அனுப்பிப் பார்ப்பதும் முதல் கடமை.

இரண்டாவது உறவுமுறை. தமிழ் வீட்டுப் பெண்மணி ஒருவர் இளம் பயிற்சி மாணவியிடம் இரண்டாவது சந்திப்பிலேயே ‘நீ என் மக மாதிரிம்மா’ என்பார். மூன்றாவது சந்திப்பில் டப்பாவில் முறுக்கு வரும். தொழில் நெறி நூல்கள் ஆலோசகருக்கும் நாடி வருபவருக்கும் இடையே வேறு உறவு கூடாது என்கின்றன. முறுக்கை மறுத்தால் மனம் புண்படும். வாங்கினால் எல்லை மங்கும். நல்ல மேற்பார்வையாளர் இதற்கு விதியைப் படித்துக் காட்டுவதில்லை. ‘அந்தத் தாய் முறுக்கோடு எதைக் கொண்டுவந்தார்?’ என்று கேட்பார். வீட்டில் அவர் சுட்ட முறுக்கைச் சாப்பிட ஆள் இல்லாமல் போனதாகக்கூட இருக்கலாம். ‘அம்மா’ என்று மரியாதையாக அழைத்துக்கொண்டே மகளாகிவிடாமல் இருப்பது ஒரு கைத்திறன். மலாய் நூலும் ஆங்கில நூலும் அதைக் கற்றுத்தர முடியாது; தமிழ் வீடுகளை அறிந்த மேற்பார்வையாளரிடம்தான் கற்க முடியும்.

பதிவும் பணியிடங்களும்

பட்டம் கிடைத்ததும் வாரியத்துக்கு விண்ணப்பம். ஏற்கப்பட்டால் பெயருக்குப் பின் ‘கேபி’ என்ற எழுத்துகளைச் சேர்த்துக்கொள்ளலாம்: பதிவுபெற்ற ஆலோசகர். தொழில் நடத்தும் சான்றிதழும் பெற்றவர் ‘கேபி, பிஏ’. சான்றிதழை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தொடர்கல்வியில் கலந்துகொண்ட கணக்கைக் காட்ட வேண்டும். பெர்காமா என்ற மலேசிய ஆலோசனைச் சங்கம் நடத்தும் மாநாடுகளும் வெளியிடும் ஆய்விதழும் இதற்குத் துணை.

பணியிடங்களில் முதன்மையானது பள்ளி. 1960களில் மலேசியப் பள்ளிகளில் வழிகாட்டல் பணி தொடங்கியது. 1996 முதல் இடைநிலைப் பள்ளிகளில் முழுநேர ஆலோசனை ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள். தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அதன்பின் பிள்ளை மலாய் வழி இடைநிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். மலாய்மொழித் தேர்ச்சி போதாதவர் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் முதலாம் படிவத்தில் இருக்க, தான் மட்டும் புகுமுக வகுப்பில் உட்காரும் 13 வயதுப் பிள்ளையின் மனத்தைத் தமிழில் கேட்க ஒருவர் அந்தப் பள்ளியில் இருப்பது பெரிய காரியம். 2022ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் மலேசிய இளம்பருவத்தினரில் 26.9 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் தெரிந்தன. நால்வரில் ஒருவருக்கும் சற்றே அதிகம்.

அரசுத் துறைகளில் உளவியல் அதிகாரி என்ற பதவி இருக்கிறது. சமூகநலத் துறை, போதைப்பொருள் தடுப்பு நிறுவனம், பல்கலைக்கழக மாணவர் நலப் பிரிவு ஆகியவற்றிலும் இடமுண்டு. பினாங்கில் 1985 முதல் இயங்கும் மாற்றத்துக்கான பெண்கள் மையம், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இலவசமாக ஆலோசனை வழங்குகிறது. மனத்துயரில் அழைப்போருக்குச் செவிகொடுக்கும் பினாங்கு பிஃப்ரண்டர்ஸ் அமைப்பில் தொலைபேசியை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். ஆலோசகர் என்ற பெயர் அவர்களுக்கு இல்லை. கேட்பதுதான் அவர்கள் பணி. முதுகலை சேரும் முன்பே அங்கே சில காலம் பணியாற்றுவது, இந்தத் தொழில் தனக்கு ஒத்துவருமா என்று அறிய நல்ல சோதனை.

சட்டமும் அண்மையில் வழிவிட்டிருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2023இல் நீக்கியது. போலீஸ் விசாரணைக்கு அஞ்சி வாய்மூடி இருந்த குடும்பங்கள் இனி உதவி கேட்டு வரலாம். ஆனால், சட்டம் நீங்கிய வேகத்தில் வெட்கம் நீங்குவதில்லை. 1911இல் பேராக்கின் தஞ்சோங் ரம்புத்தானில் மனநல மருத்துவமனை கட்டப்பட்டது. நூறாண்டு கடந்தும் அந்த ஊர்ப் பெயரே மலேசியர் வாயில் வசைச் சொல்லாகப் புழங்குகிறது. அந்த வசைக்கு அஞ்சுபவர், தம் மொழியில் பேசும் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால்தான் வாசல் வரை வருவார்.

பணத்துக்கு வழி

அரசுப் பள்ளி ஆசிரியருக்குச் சிறந்த வாய்ப்பு கூட்டரசுப் பயிற்சிப் பரிசு, மலாய்ச் சுருக்கத்தில் எச்எல்பி. தேர்வானவர் சம்பளத்தோடு விடுப்புப் பெற்று முதுகலையோ முனைவர் பட்டமோ படிக்கலாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் தயங்காமல் முயல வேண்டிய திட்டம் இது. வகுப்பறை அனுபவம் ஏற்கனவே கையில் இருப்பதால் ஆலோசனைப் படிப்பு அவர்களுக்கு எளிதில் பிடிபடும்.

பினாங்கு மாணவருக்கு உள்ளூர்த் துணையும் உண்டு. பினாங்கு இந்து அறப்பணி வாரியம் உயர்கல்வி மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கிவருகிறது. மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) கல்விக் கரமான எம்ஐஇடி 1984 முதல் கல்விக் கடன் தருகிறது. வெளிநாட்டில் படிக்க விரும்புவோருக்குக் காமன்வெல்த் உதவித்தொகையும் ஃபுல்பிரைட் திட்டமும் இருக்கின்றன. வெளிநாட்டுப் பட்டத்தோடு திரும்புபவரும் வாரியத்தின் மதிப்பீட்டைக் கடந்தே பதிவு பெற முடியும்; ஆகவே, புறப்படும் முன்பே வாரியத்திடம் கேட்டுத் தெளிவது நல்லது. உதவித்தொகை விண்ணப்பத்தில் தமிழில் ஆலோசனை வழங்கும் திறனைத் தனிப் பத்தியில் எழுத வேண்டும். பல மாணவர்கள் அதை வீட்டு மொழி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இந்தத் தொழிலில் அது ஒரு தகுதி.

கடலுக்கு அப்பால்

மற்ற தமிழ் நிலங்களின் அனுபவமும் பினாங்கு மாணவருக்குப் பாடமாகும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆலோசனை உளவியலுக்கென்றே தனித்துறை உண்டு. 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய ‘சினேகா’, தற்கொலைத் தடுப்பில் தமிழில் பேசிப் பழகிய அமைப்பு. இந்தியாவில் மலேசியாவைப் போன்ற தனி ஆலோசகர் சட்டம் இல்லை. 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் ஆலோசகர்களில் சில பிரிவினரை உள்ளடக்கியிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் உருவான ‘சாந்திகம்’ உளவளத்துணையாளர்களைத் தமிழிலேயே பயிற்றுவித்தது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர் சிதைத்த மனங்களைப் பற்றி ஆராய்ந்து எழுதினார்கள். இழப்பு, ஆற்றாமை, இடப்பெயர்வு ஆகியவற்றைத் தமிழில் பேசுவதற்கான தொழிற்சொற்கள் அங்கே அனுபவத்தில் பழுத்தவை. மலேசிய மாணவர் தம் ஆய்வேட்டுக்கு அமெரிக்க நூல்களைத் தேடும் அதே அக்கறையோடு யாழ்ப்பாணத்து நூல்களையும் தேடினால், வெர்பேட்டிம் எழுதும்போது கழன்று விழும் பாதியை மீட்டுக்கொள்ளலாம்.

பாதையின் அடுத்த முனை

பதிவோடு பாதை முடிந்துவிடுவதில்லை. அனுபவம் சேர்ந்த பின் பதிவுபெற்ற ஆலோசகர் தாமே மேற்பார்வையாளராகி, அடுத்து வரும் மாணவரின் வெர்பேட்டிம் தாள்களைப் படிக்கத் தொடங்குகிறார். தமிழ் அறிந்த மேற்பார்வையாளர் கிடைத்தால், ‘நெஞ்சு அடைக்குது’ என்பதை மாணவர் அப்படியே தமிழில் எழுதிக் கொடுக்கலாம். முறுக்கு டப்பாவைப் பற்றி விளக்கம் சொல்லாமலே பேச்சைத் தொடங்கலாம். அத்தகைய மேற்பார்வையாளர்கள் பெருக வேண்டுமானால், இன்று தமிழ் பேசும் பட்டதாரிகள் இந்தப் படிப்பில் சேர வேண்டும், பதிவு பெற வேண்டும், பதிவோடு நின்றுவிடாமல் மேற்பார்வைக்கும் வர வேண்டும். மிண்டன் குன்றிலிருந்து ஜெலுத்தோங் வழியாகத் திரும்பும் சாலையில் எதிரே ஏறி வரும் புதிய மாணவருக்கு, முன்னே நடந்தவர் வழியின் இயல்பைச் சொல்லி அனுப்புவார். பரிசில் பெற்றுத் திரும்பிய பாணர் செய்ததும் அதைத்தான்.